பூங்கா வேலியில் எடுத்த கொழுந்து

இன்று காலை டவுன் பூங்காவில் உன் பெஞ்சை இடம் மாற்றிவிட்டார்கள்.

புதிதாக வந்திருக்கிற காவல்காரன் இரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, புல்தரையின் நட்டநடுவில் இத்தனை வருடமாகத் தனியே கிடந்ததைத் தூக்கிப்போய், ஓரத்துத் தேயிலை வேலியோடு ஒட்டிப் போட்டுவிட்டான். நான் கேட்டுக்குள் நுழைந்தபோது அது கிடந்த இடத்தில் புல் வெளுத்து, கால்கள் பதிந்த குழிகள் மட்டும் இருந்தன. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. கையிலிருந்த கருவாட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரக் கேட்டுய்யா அத எடுத்த?"

"யாரக்கா கேக்கணும்? நடு வெயில்ல கெடக்கு. ஓரமா போட்டா நெழலு. இத நடுவுல கொண்டாந்து போட்டவன் என்ன பைத்தியமா?"

அவன் நம் ஆள்தான். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவன் கேட்டதும் நியாயமான கேள்விதான். பதில் என்னிடம் இருந்தது. ஆனால் பூங்காவில் நின்றுகொண்டு ஒரு புது ஆளிடம் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. "ஒனக்கு என்னய்யா தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உட்காராமலே திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்தேன். பாதி வழியில் கருவாடு ஞாபகம் வந்து மறுபடி ஓடினேன். அவன் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான். அதற்காகவும் அவன் மேல் கோபம் வந்தது.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கித் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறி வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சோறு குழைந்துவிட்டது. வாசலைக் கூட்டினேன், கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினேன். கடைசியில் பேரப்பிள்ளையின் பென்சிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று பெயர்தானே தவிர, ஒரு வரி எழுதுவதும் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பதுமாகத்தான் இருக்கிறேன். நீ இதைப் படிக்கப்போவதில்லை. அம்மா காலமாகிவிட்டது என்று உன்னைப் பற்றி உன் மகன் எனக்கு எழுதி ஒரு மாதமாகிறது. அன்றைக்கு அழுதேன். அடுத்த நாள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன். செய்தி வந்தபோது தாங்கிக்கொண்டவள், ஒரு பெஞ்சை நகர்த்தியதற்கு இப்படித் தவிக்கிறேன்.

அது அப்படி என்ன பெரிய பூங்கா? புதிதாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஸ்டேஷன் ரோட்டுக்குக் கீழே, கடைத்தெரு முடிகிற இடத்தில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நம் பெரட்டுக் களத்தை விடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டு நிலம். சுற்றி இரும்புக் கம்பி. நடுவில் தண்ணீர் பீய்ச்சுவதற்கென்று கட்டி ஒரு நாளும் பீய்ச்சாத வட்டத் தொட்டி, அதில் தவளைகள். இரண்டு சைப்ரஸ் மரம், சில பெஞ்சுகள். ஒரு பக்கம் முழுக்க வேலிபோல வரிசையாகத் தேயிலைச் செடி. அந்தக் காலத்துத் துரைசாணிமார் ஆசைப்பட்டு நட்டதாம். சுற்றியிருக்கிற மலையெல்லாம் தேயிலையாக இருக்க, அதைப் பார்த்துப் பார்த்து அலுக்காமல் இங்கேயும் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள் என்று நான் கேலி செய்வேன். ஆனால் தோட்டத்துச் செடிபோல அதைக் கவ்வாத்து வெட்டவில்லை, கொழுந்தெடுக்கவில்லை. ஆளுயரம் வளர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். நம் மலையில் ஒரு செடியை அப்படிப் பூக்க விட்டால் கங்காணிக்கு வேலை போய்விடும்.

வெள்ளைக்காரன் காலத்தில் நம்மவர்கள் அதற்குள் போக முடியாது. வெள்ளைக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிற ஆயாமார் மட்டும் போகலாம். அவர்களும் உட்காரக் கூடாது, நிற்க வேண்டும். உன் அம்மா அப்படி நின்றவர்தானே? பங்களாவில் ஆயாவாக இருந்த அத்தனை வருடமும், துரைசாணி கிளப்பில் இருந்து வரும்வரை அந்தச் சைப்ரஸ் மரத்தடியில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொல்வார்கள். பெஞ்சு பக்கத்திலேயே சும்மா கிடக்குமாம்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அன்று கேட்டை விரியத் திறந்துவிட்டார்கள். கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்தார்கள். தோட்டங்களிலிருந்து சனம் திமுதிமுவென்று இறங்கிவந்தது. நீயும் நானும் அப்போது கலியாணமாகிக் கொஞ்ச காலம்தான், ஆளுக்கொரு பிள்ளை இடுப்பில். உன் அம்மா நேராகச் சைப்ரஸ் மரத்தடிப் பெஞ்சுக்குப் போனார்கள். அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்கள். முந்தானையால் துடைத்தார்கள். விளிம்பில் உட்கார்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள்.

"நின்ன காலுக்கு இன்னைக்குத்தாண்டி லீவு" என்று சொன்னார்கள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற வயது.

அதே வருடம்தான் சட்டம் வந்தது, நீங்கள் யாரும் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று. பூங்காக் கேட்டைத் திறந்த கையோடு இந்தக் கேட்டைச் சாத்திவிட்டார்களே என்று உன் அண்ணன் லயத்து வாசலில் நின்று கத்தினார். குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தவர்களில் எனக்குக் கிடைத்தது. உன் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. சில வருடம் இழுபறியாகக் கிடந்து, அவர் குடும்பத்தையும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்தியாவிலிருக்கிற ஊருக்குக் கப்பலேறிவிட்டார். உன் புருஷன் போக மனமில்லாமல் இந்தியா பாஸ்போர்ட்டும் விசாவுமாக நாளைத் தள்ளினார்.

நாம் வாராவாரம் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நீதான் ஆரம்பித்தாய். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்குப் போவோம், ஆம்பளைகள் குடிக்கத் தவறணைக்குள் நுழைவார்கள், நாம் அவர்கள் வெளியே வரும்வரை மூட்டையோடு நிற்போம். எங்கே நிற்பது? கடை வாசலில் நின்றால் முதலாளி முறைப்பார், ஸ்டேஷனில் நின்றால் டிக்கெட் கேட்பார்கள். டவுனில் உட்காருவதற்குக் காரணம் வேண்டும். அந்தப் பூங்காவில் மட்டும் வேண்டாம். அங்கே யாரும் நம் பேரைக் கூப்பிட மாட்டார்கள், யாரும் கூடையை நிறுத்துப் பார்க்க மாட்டார்கள். மற்றப் பெண்களும் மெதுவாக வரத் தொடங்கினார்கள். பிள்ளைகளைப் புல்லில் விட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, தொட்டி ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தச் சிறிய இடத்துக்கு ஒரு களை வந்துவிடும். மலையில் வாரம் முழுக்கக் குனிந்த முதுகு அங்கேதான் நிமிரும்.

உன் முதுகு மட்டும் நிமிரவில்லை. "ஒரு நாளாவது சும்மா உக்காரணும் புள்ள, கையக் கட்டிக்கிட்டு, தொரைசாணி மாதிரி" என்று சொல்லிக்கொண்டே வருவாய். வந்ததும் வேலியோரச் சைப்ரஸ் மரத்தடிப் பெஞ்சில் உட்காருவாய். உட்கார்ந்த மறு நிமிடம் கை பின்னால் போகும். பேச்சு பேச்சாக இருக்கும், முகம் என்னைப் பார்த்திருக்கும், விரல் இரண்டும் செடியில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு இலையும் மொட்டுமாக, முற்றிய இலை ஒன்றுகூட இல்லாமல். கூடை இல்லாததால் மடியில் போட்டுக்கொள்வாய். கிளம்பும்போது எழுந்து, அடடா என்று மடியை வேலிக்குப் பின்னால் உதறுவாய்.

"ஏண்டி, அங்க ஆறு நாளு பத்தாதா ஒனக்கு? இங்க யாருடி ஒனக்குப் பேரு போட்டுக் கூலி குடுக்கப்போறா?" என்று நான் கேட்பேன்.

"நான் எங்க எடுத்தேன்? அது தானா போவுது" என்பாய்.

மற்றவர்களுக்கு அது வேடிக்கை. பூங்கா மாத்தயாவுக்கு அது உயிர் போகிற காரியம். அந்தச் சிங்களக் காவல்காரரை நாம் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். பழைய காக்கிக் கோட்டும் தொப்பியுமாக, அந்த வேலியைத் தன் சொந்தப் பிள்ளைபோல வளர்த்த மனிதர். நீ உட்காருகிற பக்கம் மட்டும் செடி இடுப்பளவுக்குத் தட்டையாகி, நம் மலைச் செடிபோலவே ஆகிவிட்டது. அங்கே ஒரு பூ இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்.

"ஏய், மொகத மே! என்னத்துக்குப் பிய்க்கிறது? இது என்ன எஸ்டேட்டா? மகே மல், என்ட பூ! ஒரு பூ வாறதில்ல ஒன்னால!"

நீ பயந்து எழுந்து நிற்பாய், கையைப் பின்னால் மறைத்துக்கொள்வாய். அவர் போனதும் உட்காருவாய். கை மறுபடி போகும். எனக்குச் சிரிப்பாக இருக்கும். சில நாள் எரிச்சலாகவும் இருக்கும். உன்னோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, ஓடுகிற ரயிலில் உட்கார்ந்திருப்பது மாதிரி. நானே பொறுமை இல்லாதவள். எனக்கே நீ அதிகம்.

எங்கே விட்டேன்? மடியில் போட்டதைச் சொன்னேன். அந்த மடிதான் வினையாயிற்று.

அந்த வருடம் நம் தோட்டத்தில் பச்சைக்கொழுந்து களவு போய்க்கொண்டிருந்தது. யாரோ எடுத்து வெளியே விற்கிறார்கள் என்று பேச்சு. பெரிய துரை பெரட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொல்லிவிட்டார்: யார் கையில் கொழுந்து பிடிபட்டாலும் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து பேர் வெட்டு, குடியிருக்கிற காம்பராவைக் காலி பண்ணு, வெளியே போ. வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். குடியுரிமை உள்ளவளுக்கே அதன் பிறகு போக்கிடம் கிடையாது. விசாவில் இருக்கிறவர் பெண்சாதிக்கு என்ன இருக்கிறது? தலைமன்னாரில் போய் இந்தியாவுக்குக் கப்பலேறுகிற வழிதான்.

அன்றைக்கு ஞாயிறு. ரயில் ஊதிவிட்டது என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பூங்காவிலிருந்து ஓடினோம். நீ மடியை உதறவில்லை. உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. றொசல்லவில் இறங்கி மேட்டில் ஏறும்போது எதிரே கணக்குப்பிள்ளை வந்தார். அவர் கண்ணுக்கு எதுதான் தப்பியது?

"மடியில என்னா அது?"

நீ குனிந்து பார்த்தாய். பார்த்ததும் உன் முகம் போன போக்கு இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு கைப்பிடிக் கொழுந்து, வாடக்கூட இல்லை.

"பார்க்குல எடுத்தது அய்யா" என்றாய்.

"பார்க்குலயா? ஞாயித்துக்கிழமையா? சும்மா ஒக்காந்துகிட்டு கொழுந்தெடுத்தியா?" என்று சிரித்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. யார்தான் நம்புவார்கள்? ஓய்வு நாளில், ஓய்வெடுக்கப் போன இடத்தில், கூலி இல்லாமல் ஒருத்தி கொழுந்தெடுத்தாள் என்று. நம் ஆட்கள் செய்யக்கூடிய காரியம்தான் அது, ஆனால் வாயால் சொன்னால் நம் ஆட்களே நம்ப மாட்டார்கள்.

மறுநாள் பெரட்டில் உன் பேரைக் கூப்பிடவில்லை. நீ கூடையோடு வரிசையில் நின்றுகொண்டே இருந்தாய். எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகும் நின்றாய். துரை வெளியே போயிருக்கிறார், வந்ததும் விசாரணை என்றார்கள். உன் புருஷன் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார். பாத்திரங்களை எண்ணத் தொடங்கிவிட்டார். அந்த மனிதர் எதற்கும் சண்டை போடுகிறவர் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு டவுனுக்கு ஓடினேன். உன் கை தினவை வருடக்கணக்காகப் பார்த்த வெளி ஆள் ஒருவர்தான் உண்டு. மாத்தயா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் தொட்டியில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப அந்தப் பொம்புள இனி வாறதில்ல? ஊருக்குப் போறது?"

"நீங்க வந்து சொல்லாட்டி போயிருவா மாத்தயா."

"நல்லது. நான் ஏன் வாறது? செடி பூக்கட்டும்."

கெஞ்சினேன். என் வாயால் கெஞ்சுவது எவ்வளவு பெரிய காரியம்! அவர் மறுபடி பாசி எடுக்கக் குனிந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன கோபம் வந்தது. அந்தக் கோபம் ஒரு நல்ல காரியம் செய்தது அன்றைக்கு மட்டும்தான்.

"பூக்குமா? நல்லா பூக்கும்! வேல போச்சுன்னா அவ எங்க போவான்னு நெனைக்கிறீங்க? காம்பராவ விட்டுத் தொரத்திட்டா எங்க உக்காருவா? கப்பல் வர மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் இங்கதான். ஞாயித்துக்கிழம மட்டும் இல்ல மாத்தயா, தெனமும். விடிஞ்சா வருவா, பொழுது சாஞ்சா போவா. ரெண்டு கையாலயும் எடுப்பா. அவ எங்க தோட்டத்துலயே கைகாரி, தெரியுமில்ல?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம், காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விசாரணை அன்று ஆபீஸ் வராந்தாவில் நின்றோம். துரை நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. அவசரத்தில் இருந்தார். கணக்குப்பிள்ளை நடந்ததைச் சொன்னார். நான் சாட்சி சொன்னேன்: "தொரைங்களே, அவ கை சும்மா இருக்காதுங்க. செடிக்குப் பக்கத்துல உக்கார வச்சா தானா எடுக்கும்ங்க."

துரை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வராந்தாவில் இருந்த பூச்சட்டிகளைப் பார்த்தார். "அப்படியா? அங்க ஒக்காரு" என்றார் உன்னிடம். ஒரு ஸ்டூலைச் செடிகளுக்கு நடுவில் போடச் சொன்னார். துரை முன்னால் நம் சனத்தில் ஒருத்தி உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் உள்ளே போய்க் கையெழுத்துப் போடும் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாவி, அன்றைக்கென்று நீ சும்மா இருந்தாய்! இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, கற்சிலைபோல. பயத்தில் ஒரு விரல் அசையவில்லை. பச்சைப் பசேலென்று துளிர் உன் தோளை உரசிக்கொண்டு நிற்கிறது, நீ ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எத்தனை வருடமாக ஆசைப்பட்டாயோ அப்படி உட்கார்ந்திருந்தாய், அசல் துரைசாணி மாதிரி. எடுடி, எடுத்துத் தொலைடி என்று நான் மனதுக்குள் கத்துகிறேன். உன் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். துரை வெளியே வந்து பார்த்துவிட்டு, "கை சும்மாதானே இருக்கு" என்று சொல்லிக் கிளாக்கரைக் கூப்பிட்டார்.

அந்த நேரத்தில்தான் கீழே படியில் சத்தம் கேட்டது. மாத்தயா! காக்கிக் கோட்டுக்குப் பொத்தானெல்லாம் போட்டு, தொப்பி வைத்து, கையில் மொட்டையாகிப்போன ஒரு தேயிலைக் கிளையை ஒடித்துப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க ஏறிவருகிறார். யாரும் தடுப்பதற்குள் துரை முன்னால் வந்து கிளையை நீட்டினார்.

"தொரை மாத்தயா, பாருங்க! இந்தப் பொம்புளதான்! எல்லா ஞாயிறும் வாறது, என்ட செடியப் பிய்க்கிறது. எத்தன வருசம்! நான் ஏசுறது, கேக்கிறதில்ல. இவவ நீங்க வேலயிலயிருந்து விட்டா, தெனமும் அங்க வந்து ஒக்காரும். என்ட செடி முடிஞ்சுது. அனே, இவவ இங்கயே வச்சுக்கொள்ளுங்க! இங்க பிய்க்கட்டும்! நல்லா வேல குடுங்க!"

துரை கிளையை வாங்கிப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். மறுபடி மாத்தயாவைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் ஆபீஸ் கிளாக்கர்மார் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். "போ, மலைக்குப் போ" என்றார் துரை. நீ ஸ்டூலைவிட்டு எழுந்தாய். எழும்போது உன் கை தானாகப் போய்ப் பூச்சட்டிச் செடியில் ஒரு துளிரைக் கிள்ளியது. கிள்ளியதை நான் பார்த்தேன். உன் கையில் ஓர் அடி போட்டேன்.

அடுத்த ஞாயிறு போகப் பயமாக இருந்தது, ஆனாலும் போனோம். மாத்தயா நமக்கு முன்னால் தயாராக இருந்தார். வேலியோரம் இருந்த பெஞ்சைப் புல்தரையின் நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தார். எந்தப் பக்கம் கை நீட்டினாலும் ஒரு இலைகூட எட்டாது. "இப்பப் பிய்ங்க பார்ப்பம்!" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புதுக் காவல்காரன் கேட்டானே, எந்தப் பைத்தியம் இதை நடுவில் போட்டது என்று. அந்தப் பைத்தியம் இவர்தான். அவரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

மற்றப் பெண்கள் சிரித்து ஓய்ந்தார்கள். நாம் இரண்டு பேரும் அந்த நடுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். உன் கைக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டியது, பலகையைத் தடவியது, என் சீலை நூலைப் பிடுங்கியது. அப்போது ஸ்டேஷனில் ரயில் ஊதியது. உன் வலது கை மடியிலிருந்து மேலே கிளம்பியது. நீ சட்டென்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாய். நான் கேலி செய்யத்தான் வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் கேலி வரவில்லை.

"என்ன புள்ள?"

ரயில் சத்தம் அடங்கியது. பிறகு சொன்னாய்.

"அம்மா போன அன்னைக்கி நான் மலையில நின்னேன்ல. ஒனக்குத் தெரியும், நீ அடுத்த நெரையிலதான் நின்ன. லீவு கேட்டேன், கொழுந்து அதிகம்னு கங்காணி குடுக்கல. றொசல்லயில ரயிலு கெளம்பி நம்ம மலைக்குக் கீழ வளைஞ்சு வந்துச்சு. அம்மா சன்னல்ல இருந்துச்சு, நம்ம மலையப் பாத்துக் கைய ஆட்டிக்கிட்டே வந்துச்சு. என்னையத் தெரிஞ்சிருச்சு அதுக்கு. கங்காணி பின்னால நின்னாரு. என் ரெண்டு கையும் கொழுந்துல இருந்துச்சு புள்ள. எடுத்துக்கிட்டே பாத்தேன். கைய தூக்கல."

நான் உன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒரு கையத் தூக்கியிருந்தா என்னா போயிருக்கும்? ரெண்டு கொழுந்து கொறைஞ்சிருக்கும். இப்ப அம்மாவும் அங்க போயி செத்துப்போச்சு. கை சும்மா இருந்தா தூக்கு தூக்குங்குது. யாரப் பாத்துத் தூக்குறது, சொல்லு?"

எத்தனை ஞாயிறு உன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்! அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்காரத்தான் நீ வாராவாரம் என்னை இழுத்து வந்தாய் என்பதுகூட அன்றுதான் எனக்கு உறைத்தது. தொடைக்கடியிலிருந்து உன் கை ஒன்றை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அது மேலே கிளம்பப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகும் சில வருடம் நாம் போய்வந்தோம். வேலியில் அந்தப் பக்கமும் பூக்கத் தொடங்கியது. மாத்தயா ஒரு பூவைப் பறித்துக்கொண்டுவந்து, வெற்றிபெற்றவர்போல உன்னிடம் காட்டினார், நினைவிருக்கிறதா? பிறகு உன் புருஷனின் விசா முடிந்தது. நீட்டித்துத் தரவில்லை. துரை கையால் போகாத பேர் இன்னொரு மேசையில் போயிற்று. அன்றைக்கு எந்த மாத்தயாவும் ஏறிவந்து, இவவ இங்கயே வச்சுக்கொள்ளுங்க என்று கத்தவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் எனக்குள் அடங்கவில்லை. எழுதும்போதே பென்சில் முனை ஒடிகிறது.

நீ போன அன்று நான் மலைக்குப் போகவில்லை. லீவும் கேட்கவில்லை. கங்காணி என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று றொசல்ல ஸ்டேஷனில் வந்து நின்றேன். மூடுபனி. டிரங்குப் பெட்டியை உன் புருஷன் ஏற்றினார். பிள்ளைக்குக் குல்லா போட்டுவிடு என்றேன். சரி என்றாய். ரயில் நகர்ந்ததும் கூடவே நடந்தேன், பிளாட்பாரம் முடிந்ததும் நின்றுவிட்டேன்.

நீ சன்னலுக்கு வெளியே சாய்ந்து இரண்டு கையையும் தூக்கினாய். ஒரு கையை அல்ல, இரண்டையும். தலைக்கு மேலே. விழுந்துவிடப் போகிறாய் என்று உன் புருஷன் பின்னாலிருந்து சீலையைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் நின்ற ஸ்டேஷன் ஆள், "யாராவது ரெண்டு கையாலயும் கைகாட்டுவாங்களா?" என்று சிரித்தான். ரயில் நம் மலையடி வளைவில் திரும்பி மறையும்வரை நீ அவற்றை இறக்கவில்லை.

ஒன்று எனக்கு. இன்னொன்று உன் அம்மாவுக்கு. அதை வாங்கிக்கொள்ள அங்கே வேறு ஆள் இல்லாததால், இரண்டையும் நானே வாங்கி வைத்திருக்கிறேன்.